மரபணு ஆலோசகர்: முதுநிலைக்கு மேல் என்ன படிக்கலாம்?

பரம்பரை நோய் வரும் அபாயத்தைக் குடும்பங்களுக்கு விளக்கி, முடிவெடுக்க உதவுகிறவர் மரபணு ஆலோசகர். அந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எதுவரை படிக்க வேண்டும்?" என்றுதான். பதில் எளிது: முதுநிலைப் பட்டம் வரை. நோயாளிகளைப் பார்க்கவும், சான்றிதழ்த் தேர்வு எழுதவும், மருத்துவமனையில் மூத்த ஆலோசகராக உயரவும் அது போதும். பி.எச்டி. இல்லை என்பதற்காக யாரும் பாதி ஆலோசகர் ஆகிவிடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், "முனைவர் பட்டம் இல்லாவிட்டால் மதிப்பு இருக்காதோ" என்ற பயத்திலேயே பல மாணவர்கள் தேவையில்லாத படிப்பில் போய்ச் சேருகிறார்கள்.

அப்படியானால் முதுநிலைக்கு மேல் படிப்பவர்கள் ஏன் படிக்கிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள, இந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு தம்பதி வருகிறார்கள். முதல் குழந்தைக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய். ஆலோசகர் மூன்று தலைமுறைக்கான குடும்ப வரைபடத்தைப் போடுகிறார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களின் குறிக்குள் கருப்பு, ஆலோசனை கேட்டு வந்தவரைக் காட்ட ஓர் அம்புக்குறி. தாய், தந்தை இருவருமே நோய் இல்லாதவர்கள். ஆனால் மாறிய மரபணுவின் ஒரு பிரதி இருவரிடமும் இருக்கிறது. இருவரிடமிருந்தும் அந்தப் பிரதி வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய். எனவே ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 4-ல் 1. இதைக் கேட்டதும் தந்தை நிம்மதியாக, "அப்போ ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்கிறார். மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. முதல் குழந்தைக்கு என்ன ஆனது என்பது இரண்டாவது கருவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அவர் மனம் நோகாமல், ஆனால் தெளிவாக, இதை விளங்க வைக்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்ற முடிவை அவர்களிடமே விடவும் வேண்டும்.

ஆக, ஒரே அமர்வில் மரபியல், புள்ளியியல், உளவியல், அறநெறி எல்லாம் வந்துவிடுகின்றன. மேற்படிப்புக்கான வழிகள் இத்தனை திசைகளில் பிரிவதற்கும் அதுதான் காரணம்.

முதுநிலைப் படிப்பு எங்கிருந்து வந்தது

மரபணு ஆலோசனை என்ற சொல்லை 1947-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஷெல்டன் ரீட். அன்று அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களும் மரபியல் ஆராய்ச்சியாளர்களும். அதற்கென்றே தனிப் படிப்பு 1969-ல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் மெலிசா ரிக்டர் அதைத் தொடங்கினார். 1971-ல் முதல் மாணவர்கள் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். முதல் படிப்பே முதுநிலைப் படிப்பாக அமைந்ததால், தொழிலின் அடிப்படைப் பட்டமாக அதுவே நிலைத்துவிட்டது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகம் 1985-லும் பிரிட்டனில் மான்செஸ்டர் 1992-லும் இதே வழியில் வந்தன.

பொதுவாக 2 ஆண்டுகள். பாடம் ஒரு பக்கம், மருத்துவமனைப் பயிற்சி மறுபக்கம், நடுவில் ஒரு சிறு ஆய்வேடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது ஏசிஜிசி என்ற அமைப்பு. மாணவர் குறைந்தது 50 நோயாளிகளின் ஆலோசனையில் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அப்புறம் அமெரிக்க மரபணு ஆலோசனை வாரியமான ஏபிஜிசி நடத்தும் சான்றிதழ்த் தேர்வு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதற்கு மேல் உரிமமும் எடுக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு இந்தப் பாதை கொஞ்சம் வளைகிறது. பிரிட்டனில் முதுநிலை படித்துவிட்டுப் பதிவு பெறும் வழியோடு, தேசிய சுகாதார சேவையில் சம்பளம் வாங்கிக்கொண்டே 3 ஆண்டுகள் படிக்கும் விஞ்ஞானிப் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. கையில் பணம் இல்லாத, திறமை மட்டும் இருக்கிற மாணவருக்கு இது பெரிய வாசல். ஆஸ்திரேலியாவில் முதுநிலை முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, மேற்பார்வையில் பணிபுரிந்தபடியே முழுச் சான்றிதழை நோக்கிப் போகிறார்கள். எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தப் படிப்பு அங்கே செல்லும் என்று விசாரிப்பது சுலபம். வேறு நாட்டில் வாங்கிய பட்டம் தானாகவே ஏற்கப்படும் என்று நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முனைவர் பட்டத்தைக் கட்டாயமாக்கலாமா?

இந்தக் கேள்வி தொழிலுக்குள்ளேயே சூடாக விவாதிக்கப்பட்டது. அமெரிக்காவில் மருந்தாளுநர், செவித்திறன் நிபுணர், இயன்முறை மருத்துவர் ஆகிய தொழில்கள் ஒவ்வொன்றாக மருத்துவமனை சார்ந்த முனைவர் பட்டத்துக்கு மாறிவிட்டன. இது ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. நோயாளிகளைப் பார்ப்பதற்கான உயர்நிலைப் பட்டம். "நாமும் மாறலாமா?" என்று பார்க்க 2010-களின் தொடக்கத்தில் மரபணு ஆலோசகர்களின் முக்கிய அமைப்புகள் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. விரிவாகப் பேசிவிட்டு, இப்போதைக்கு வேண்டாம், முதுநிலையே நுழைவுப் பட்டமாக இருக்கட்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. படிப்புக் காலம் நீண்டால் கடன் கூடும். கடன் கூடினால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஏற்கெனவே அமெரிக்காவில் இந்தத் தொழிலில் 10-ல் 9 பேருக்கும் மேல் பெண்கள், பெரும்பான்மையினர் வெள்ளையினத்தவர். தன் மொழி பேசும், தன் வாழ்க்கை தெரிந்த ஆலோசகர் கிடைக்காமல் தவிக்கும் குடும்பங்கள் நிறைய. வாசலை இன்னும் குறுக்கினால் இழப்பு அவர்களுக்குத்தான். கற்பிக்கத் தேவையான முனைவர் பட்ட ஆசிரியர்களும் அன்று போதுமான அளவில் இல்லை.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருத்துவக் குழுவில் மற்ற எல்லோர் பெயருக்கு முன்னாலும் 'டாக்டர்' இருக்கும்போது ஆலோசகரின் குரல் எடுபடாமல் போகும் கூட்டங்கள் உண்டு. ஆனால் பட்டத்தை மாற்றினால் மட்டும் அது தீர்ந்துவிடாது. அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர், மரபணு ஆலோசகர்களைத் தனித்துக் கட்டணம் பெறும் சேவையாளர்களாக ஏற்றதில்லை. அதற்கான மசோதா பலமுறை நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கிறது. மாற வேண்டியது சட்டம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' சேர்வதால் அது மாறாது.

பி.எச்டி.: கேள்வி விடாமல் துரத்தினால்

கட்டாயம் இல்லை என்றான பிறகும் சிலர் பி.எச்டி. செய்யத்தான் செய்கிறார்கள். ஏன் என்பதற்கு ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: மரபணுப் பரிசோதனை அறிக்கை.

ஒரு மரபணுவில் கண்ட மாற்றத்தை ஆய்வகங்கள் ஐந்து வகையாகப் பிரிக்கின்றன: நோய் தருவது, பெரும்பாலும் நோய் தரக்கூடியது, இன்னதென்று சொல்ல முடியாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் இருக்கிறதே, 'இன்னதென்று சொல்ல முடியாதது', அதுதான் ஆலோசகரைப் பாடாய்ப்படுத்துவது. பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்காகச் சோதனை செய்துகொண்ட ஒரு பெண்ணிடம் இப்படி ஒரு முடிவைச் சொன்னால், "ஏதோ இருக்கிறது, மறைக்கிறார்கள்" என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். அதே முடிவைக் கேட்கும் இன்னொருவர், "ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டில் போய்ச் சொல்லலாம். இரண்டுமே சரியில்லை. அந்த முடிவை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளை எடுக்கக் கூடாது. குடும்ப வரலாற்றைப் பார்த்துத்தான் கண்காணிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து ஆய்வகம் அந்த மாற்றத்தை மறுபடி வகைப்படுத்தும். அப்படி மாறுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கத்துக்கே போகின்றன. நல்ல செய்திதான். ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? அவர் வீடு மாறியிருப்பார், மருத்துவரை மாற்றியிருப்பார், தொலைபேசி எண்ணும் மாறியிருக்கும். தேடிப் பிடித்துச் சொல்வது ஆய்வகத்தின் கடமையா, மருத்துவமனையின் கடமையா?

ஒரு நல்ல ஆலோசகர் இந்தச் சிக்கலைத் தினமும் சமாளிப்பார். சிலருக்கு மட்டும் அதோடு மனம் ஆறாது. எந்தச் சொற்களில் சொன்னால் மக்கள் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள், எந்த ஏற்பாடு இருந்தால் மறுவகைப்பாடு உரியவரிடம் போய்ச் சேர்கிறது என்று முறையாக அளந்து பார்க்கத் தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்களுக்கான படிப்பு பி.எச்டி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரபணு ஆலோசனை என்ற பெயரிலேயே முனைவர் பட்டம் தரும் இடங்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் தங்கள் கேள்விக்கு ஏற்ற துறைக்குப் போகிறார்கள். ஒருவர் அபாய எண்களை மனம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று கேட்டால் அவருக்கு நலவாழ்வு உளவியல். கிராமத்திலும் நகரத்திலும் சேவை ஏன் ஒரேபோலப் போய்ச் சேரவில்லை என்று கேட்டால் நலச் சேவை ஆய்வு. கருவில் எதையெல்லாம் சோதிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டால் உயிரியல் அறநெறி. நோய்ப்பரவலியல், தகவல் தொடர்பு, மானிடவியல் என்று பட்டியல் நீளும். மருத்துவமனை அனுபவம் உள்ள ஆய்வாளர் இந்தத் துறைகளுக்கு அரிதாகத்தான் கிடைக்கிறார், அதனால் வரவேற்பும் இருக்கிறது.

வரிசை தலைகீழாகவும் அமையலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜெஹானின் ஆஸ்டின் முதலில் மனநோய் மரபியலில் பி.எச்டி. முடித்தார், பிறகு மரபணு ஆலோசனையில் முதுநிலை படித்தார். மனநோய்க்கென்றே உலகின் முதல் தனி மரபணு ஆலோசனை மையத்தை 2012-ல் வான்கூவரில் தொடங்கியவர் அவர்தான். மனநோய்க்குக் காரணம் தங்கள் வளர்ப்பு என்றும் தங்கள் ரத்தம் என்றும் குற்ற உணர்வில் உழலும் குடும்பங்களுக்கு அங்கே கிடைக்கும் விளக்கத்தின் மதிப்பைச் சொல்லி மாளாது. ஆராய்ச்சியும் ஆலோசனையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் நடந்தது இது.

காலம்? அமெரிக்காவில் முழுநேரமாக 4 முதல் 6 ஆண்டுகள் ஆகலாம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 3 அல்லது 4 ஆண்டுகள். பணம் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: முதுநிலைக்குப் பெரும்பாலும் நாம் கட்டணம் கட்டுகிறோம், பி.எச்டி.யில் பல இடங்களில் உதவித்தொகை கிடைக்கிறது. ஆனால் வேலையில் வாங்கிய சம்பளத்தை விட அது குறைவாகத்தான் இருக்கும். வீட்டுக் கடன், குழந்தை, வயதான பெற்றோர் என்று பொறுப்பு இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பகுதிநேரமாகச் செய்ய விடும் பல்கலைக்கழகங்களும் உண்டு; முடிக்க அதிக ஆண்டுகள் பிடிக்கும், அவ்வளவுதான்.

முடித்த பிறகு என்ன? பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவி, சொந்தமாக ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் வலு, அடுத்த தலைமுறைக்கு ஆய்வு வழிகாட்டும் பொறுப்பு. மரபணு ஆலோசனை முதுநிலைப் படிப்பை இயக்குவதற்கு மட்டும் முனைவர் பட்டம் தேவை என்று எண்ண வேண்டாம். முதுநிலைப் பட்டத்தோடு அந்தப் பதவியில் இருப்பவர்கள் பலர்.

அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால்

அதே அறிக்கைத் தாளின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கும். அது ஆய்வக இயக்குநருடையது. ஆய்வகங்களில் மரபணு ஆலோசகர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். மாற்றங்களை வகைப்படுத்துகிறார்கள், அறிக்கையின் வரைவை எழுதுகிறார்கள், குழம்பிப்போய்க் கூப்பிடும் மருத்துவர்களுக்கு விளக்குகிறார்கள். ஆனால் இயக்குநராகக் கையெழுத்திட முதுநிலை போதாது.

அமெரிக்காவில் அதற்கு மருத்துவப் பட்டமோ, உயிரியல் அல்லது மரபியல் சார்ந்த முனைவர் பட்டமோ வேண்டும். அதன் பிறகு ஆய்வக மரபியலில் 2 ஆண்டுப் பயிற்சி, கடைசியில் ஏபிஎம்ஜிஜி என்ற வாரியத்தின் தேர்வு. இதில் ஒரு பொறி இருக்கிறது. உளவியலிலோ அறநெறியிலோ பி.எச்டி. வாங்கிவிட்டு, "டாக்டர் ஆகிவிட்டேன், இனி ஆய்வகத்துக்குப் போகலாம்" என்றால் கதவு திறக்காது. முனைவர் பட்டம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது முதுநிலை, சிறு படிப்புகள்

எல்லோருக்கும் ஆராய்ச்சி பிடிக்காது. சிலருக்கு ஒரு நோயாளியைத் தாண்டி ஒரு மக்கள்தொகையையே பார்க்கத் தோன்றும். பரம்பரை மார்பக, சினைப்பைப் புற்றுநோய், குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறி, பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றும் முன்கூட்டியே தெரிந்தால் உயிரைக் காக்கக்கூடியவை. இருந்தும், குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியான பிறகுகூட அண்ணன், தங்கை, சித்தப்பா மக்கள் என்று உறவினர்கள் எல்லோரும் சோதனைக்கு வந்துவிடுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத் திட்டம் போடுகிறவருக்குப் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் கைகொடுக்கும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆலோசனையையும் பொதுச் சுகாதார மரபியலையும் சேர்த்தே இரட்டைப் பட்டமாகப் படிக்கலாம். தனித்தனியாகப் படிப்பதை விட இது காலத்தை மிச்சப்படுத்தும்.

துறையை நிர்வகிக்கும் நிலைக்கு வந்தவர்கள் எம்.பி.ஏ. அல்லது மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறார்கள். மரபணு நிறுவனங்களில் மேலே போகவும் இது உதவும். என்னைக் கேட்டால், நிர்வாகப் பொறுப்பு கைக்கு வந்த பிறகு, முடிந்தால் நிறுவனத்தின் செலவில், படிப்பதே நல்லது.

பட்டமே வேண்டாம், ஒரு குறிப்பிட்ட திறமை மட்டும் போதும் என்றால் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. புற்றுநோய் அபாய மதிப்பீட்டில் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் என்ற புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் தீவிரப் பயிற்சி நன்கு அறியப்பட்டது. இங்கிலாந்தில் மரபணுத்தொகுதி மருத்துவத்தை முதுநிலைச் சான்றிதழாகவோ, பட்டயமாகவோ, முழு முதுநிலையாகவோ, அவரவர் வசதிக்கேற்ற அளவில் எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். முதுநிலை முடித்த கையோடு ஓராண்டு சிறப்புப் பயிற்சி தரும் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் உண்டு. இதயநோய் மரபியலோ நரம்பியலோதான் உங்கள் களம் என்று தெரிந்துவிட்டால், பட்டத்தை விட அந்த ஓராண்டு அதிகம் கற்றுத்தரும் என்பது என் எண்ணம்.

மருத்துவப் படிப்பைப் பற்றியும் கேட்பார்கள். நோயறிந்து மருந்து எழுத வேண்டும், உடலைப் பரிசோதிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு தொழில். ஆலோசனையின் மேல்படி என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பும் மரபியல் சிறப்புப் பயிற்சியும் சேர்ந்து ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆகும். 2 ஆண்டு முதுநிலையில் கற்றதற்காக அதில் பெரிதாக எதுவும் குறைத்துவிட மாட்டார்கள்.

சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

முதுநிலை முடித்ததும் நேரே பி.எச்டி.க்குப் போவதை விட, சில ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போவதையே நான் பரிந்துரைப்பேன். நல்ல ஆய்வுக் கேள்விகள் ஆலோசனை அறையில்தான் பிறக்கின்றன. அந்த இடைக்காலத்தில் முதுநிலை ஆய்வேட்டை ஒரு கட்டுரையாக்கிப் பிரசுரித்துவிடுங்கள். ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்: தரவைச் சுத்தம் செய்யும்போது அலுப்பு வருகிறதா, மதிப்பாய்வாளர் மூன்றாவது முறை திருத்தம் கேட்கும்போது எரிச்சல் வருகிறதா, இல்லை ஆர்வம் கூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க மரபணு ஆலோசகர் சங்கமான என்எஸ்ஜிசி வழங்கும் ஜேன் எங்கல்பெர்க் நினைவு நிதி போன்றவை, வேலையில் இருந்தபடியே ஆய்வு செய்ய விரும்பும் ஆலோசகர்களுக்கென்றே இருக்கின்றன. முனைவர் பட்டம் இல்லாமலே ஆய்வாளராக முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

பல்கலைக்கழகத்தின் பெயரை விட வழிகாட்டி முக்கியம். அவரிடம் படித்தவர்களில் மரபணு ஆலோசகர்கள் யாராவது உண்டா, எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். இதற்கே முகம் சுளிப்பவரிடம் ஐந்து ஆண்டுகள் இருப்பது கடினம். உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, அதற்குள் முடியாவிட்டால் என்ன ஏற்பாடு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது: சான்றிதழ். ஏபிஜிசி சான்றிதழை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வியில் செலவிட்ட மணிநேரங்களைக் காட்ட வேண்டும். பி.எச்டி.யில் மூழ்கி அதை விட்டுவிட்டால், முடித்து வரும்போது டாக்டர் பட்டம் இருக்கும், நோயாளிகளைப் பார்க்கும் தகுதி இருக்காது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவமனையில் பணிபுரிய வழிகாட்டி அனுமதிப்பாரா என்பதைச் சேரும்போதே பேசி முடித்துவிடுங்கள். கையில் கொஞ்சம் வருமானமும் இருக்கும், கேள்வியும் மக்களிடமிருந்து விலகாது.